புரொடக்‌ஷன் சர்வரில் (வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சர்வர்) அவசரம் வந்தால் டெவலப்பர்களை உள்ளே விடலாமா? எப்படிக் கட்டுப்படுத்துவது?

விடலாம். விடவே மாட்டோம் என்று பிடிவாதம் பிடிக்கும் இடங்களில்தான் அட்மின் பாஸ்வேர்டு வாட்ஸாப் குரூப்பில் கிடக்கும்.

சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு பில்லிங், கணக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ராத்திரி லோடு ஏற்றும் நேரத்தில் பில் வராவிட்டால் யாராவது உள்ளே போயே ஆகவேண்டும். அதற்கென்று தனி யூசர் ஐடி உண்டு. டிக்கெட் எண்ணும் (புகாரின் பதிவு எண்) காரணமும் கொடுத்தால் திறக்கும், 2 மணி நேரத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். முதலில் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டும். பெரும்பாலும் லாக்கை, அதாவது நடந்ததை சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்தாலே கோளாறு பிடிபட்டுவிடும். எதையாவது மாற்ற வேண்டும் என்றால் இன்னொருவர் ஒப்புதல் தரவேண்டும்.

அந்த 'இன்னொருவர்' ஒரே ஆளாக இருக்கக் கூடாது. மேனேஜர் குடும்பத்தோடு ஏற்காடு ஏறிக்கொண்டிருந்தால், 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் சிக்னல் கிடைக்குமா என்பது சேர்வராயனுக்கே வெளிச்சம். எங்களிடம் ஒப்புதல் தர இரண்டு பேர். இருவருமே எடுக்கவில்லையா, 10 நிமிடத்தில் கதவு திறக்கும், கூடவே முதலாளி வரை எல்லோருக்கும் தகவல் போகும். இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. நேர்வழி தாமதமானால் ஆள் குறுக்குவழி தேடுவான் என்பது என் கட்சி.

அப்புறம், டேட்டாபேஸில் நேராக அப்டேட் போடுவது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம். பின்வாசல் வழியாகத் திருத்தினால் மென்பொருளின் பதிவில் அது வராது; ஆடிட்டர் கேட்பார். அதனால் டேட்டாபேஸ் மட்டத்திலும் பதிவை ஓட விடுங்கள். அந்தப் பதிவு வேறு மெஷினில், அவசர ஐடியால் அழிக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

அனுமதி உள்ளவரும் தவறுவார். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் அழிக்க நினைத்தது ஒரு சர்வரை, அழித்தது பிரதான சர்வரை. ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு போய்விட்டது. திரையைப் பகிர்ந்து இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எங்களிடம் கமிட், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குவது.

மறுநாள் காலை அவசர ஐடியில் நடந்தவற்றின் பதிவை வேறொருவர் படிப்பார். ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்பத் திறந்திருந்தால் அதற்கு மென்பொருளிலேயே ஒரு பட்டன் வைத்துவிடுவோம். பாதியில் நின்ற பில்லை ரத்து செய்வது இப்படித்தான் ஆலை ஆபரேட்டர் கைக்கே போனது.