‘என்னில பாசமிருந்தால்…’

கேள்வி: யாழ்ப்பாணம் வடமராட்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 28. மூன்று வருடமாக ஒருவரை விரும்புகிறேன். “அவை எங்கட ஆக்கள் இல்லை. என்னில பாசமிருந்தால் அவனை விடு” என்கிறார் அப்பா. “என்னில காதலிருந்தால் வீட்டை விட்டு வா” என்கிறார் அவர். 2022இல், பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம், என் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்க அப்பா இரவிரவாக வரிசையில் நின்றவர். அவரை எப்படி அழவைப்பேன்? எது உண்மையான அன்பு?

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தில் அந்தப் பெற்றோல் வரிசையைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் வீடுகளில் ‘அன்பு’ என்ற சொல் கடிதத்தின் தலைப்பில் மட்டும் இருக்கும். வாயில் வருவது ‘சாப்பிட்டியோ?’, ‘ஏன் இவ்வளவு நேரம்?’. 90களில், கரண்ட் இல்லாத காலம், நான் கம்பசுக்குப் போகும் நாட்களில் ஐயா விடிய நாலரைக்கே எழும்பி, அரிக்கன் லாம்போடு பஸ் நிற்கும் சந்தி மட்டும் முன்னால் நடப்பார். ஒரு சொல் கதைக்கமாட்டார். நான் பஸ் ஏறியபின் திரியைத் தணித்துக்கொண்டு திரும்பி நடப்பதை யன்னலால் பார்ப்பேன். ஆகவே உங்கள் அப்பாவின் பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் ‘எங்கட ஆக்கள் இல்லை’ என்பது சாதி. அதற்குப் பாசம் என்று பெயர் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். வள்ளுவர் அன்பை 8ஆம் அதிகாரத்தில் இல்லறத்திலும், அருளை 25ஆம் அதிகாரத்தில் துறவறத்திலும் வைத்தார். பிறகு பொருட்பாலில், அருளை அன்பு ஈன்ற குழந்தை என்கிறார். வீட்டுக்குள் உண்டாகும் அன்பு அயலானிடமும் போகவேண்டும் என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன். உங்கள் அப்பாவின் அன்பு படலையோடு நின்றுவிட்டது.

அந்தப் பெடியன் கேட்பதும் சரியில்லை. மூன்று வருடம் விரும்பியவர் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம். உங்களை ஓடிவரச் சொல்லுமுன், ஒரு தரமாவது படலையைத் திறந்து வந்து அப்பாவோடு கதைக்கட்டும்.

எது உண்மை என்று கேட்டீர்கள். பாசமும் உண்மை, காதலும் உண்மை. ஒன்றை விட்டால்தான் மற்றது இருக்கிறது என்று நம்புவேன் என்கிறார்களே இருவரும், அதுதான் பிழை. அந்த ‘இருந்தால்’ என்பதற்கு நீங்கள் யாருக்கும் பதில் சொல்லவேண்டாம்.

அம்மாவின் சகோதரர் யாரும் இருந்தால் முதலில் அந்த மாமாவிடம் சொல்லுங்கள். எங்கள் பக்கக் கலியாணப் பேச்சில் தாய்மாமன் சொல்லுக்கு ஒரு பெறுமதி உண்டு. பிறகு அப்பாவோடு தனியே இருந்து, பெற்றோல் வரிசையிலிருந்து தொடங்குங்கள். “அண்டைக்கு நீங்கள் நிண்டதை நான் மறக்கேல்லை அப்பா. இப்ப நீங்கள் பயப்பிடுறது எனக்காகவோ, ஊருக்காகவோ?” என்று கேளுங்கள். 18 வயது தாண்டியவர் பதிவுத் திருமணம் செய்யப் பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. அதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள், அன்றைக்கு அவரிடம் சொல்லவேண்டாம். அவர் பதில் சொல்லாமல் எழும்பிப் போகக்கூடும். பின்னால் போகாதீர்கள். இரண்டு நாள் விட்டு அதையே திரும்பக் கேளுங்கள்.