ஊருக்குப் போய் வந்தபின் வாடிய செடிகள்: கேள்வி பதில்

அண்ணா நகர் வாசகி: மே மாதம் இரண்டு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது, மாடித் தொட்டியில் இருந்த மதுரை மல்லி இலையெல்லாம் காய்ந்து நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் அடித்துளை வழியே உடனே ஓடிவிடுகிறது. இனிப் பிழைக்குமா ஐயா?

பதில்: இலை காய்ந்ததை வைத்துச் செடி செத்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள் அம்மா. அடித்தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. தொட்டி மண் ஒருமுறை முற்றிலும் உலர்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது; மண்கட்டியும் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விடுவதால், ஊற்றும் நீர் வேரைத் தொடாமலே வெளியேறுகிறது. ஆகவே தொட்டியைத் தண்ணீர் நிறைந்த அகலமான பாத்திரத்தில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்து, பின் நன்றாக வடியவிட்டு நிழலில் வையுங்கள். காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டலாம். மல்லிகைத் தோட்டங்களில் ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் செடியைச் சுமார் 50 செ.மீ. உயரத்துக்குக் கவாத்து செய்கிறார்கள் என்பதால், வெட்டுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. புதுத் துளிர் வரும்வரை உரம் மட்டும் வேண்டாம். பலவீனமான வேரை அது கருக்கிவிடும்.

திருமங்கலம் வாசகர்: பக்கத்து வீட்டு அக்கா தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் மணி பிளாண்ட் மஞ்சளாகித் துவண்டுவிட்டது. இன்னும் கூடுதலாக ஊற்றட்டுமா?

பதில்: தயவுசெய்து ஊற்றாதீர்கள். தண்ணீர் இல்லாத செடியும் துவளும், வேர் அழுகிய செடியும் துவளும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் குவளையைத் தொடக்கூடாது என்பதை நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரோ பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்து, உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும், நாற்றமும் வீசும். அவற்றை வெட்டி நீக்கி, மணல் சேர்த்த புது மண்ணில் நடுங்கள். வேர் முழுவதும் போயிருந்தாலும், கணுவுடன் கூடிய நல்ல கொடித்துண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில வாரங்களில் வேர்விடும்.

மேலூர் வாசகி: இலை நுனிகள் கருகி, மண்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

பதில்: அது உப்பு. மேற்படிவைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

திருநகர் வாசகர்: செம்பருத்தித் துளிர்களில் பஞ்சுபோல் வெள்ளைப் பூச்சி அப்பியிருக்கிறது.

பதில்: மாவுப்பூச்சி. கவனிக்க ஆளில்லாத நாட்களில் வேகமாகப் பெருகும். அதிகம் தாக்கிய நுனிகளை வெட்டி அப்புறப்படுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை மாலையில் தெளியுங்கள். எறும்புகள் இப்பூச்சியைப் பாதுகாப்பவை. அவற்றையும் விரட்ட வேண்டும்.

ஒத்தக்கடை வாசகி: பூட்டிய வீட்டின் இருட்டில் இருந்த செடிகள் வெளிறிவிட்டன. மொட்டைமாடி வெயிலில் வைக்கலாமா?

பதில்: உடனே வேண்டாம், இலை வெந்துவிடும். முதலில் ஜன்னலோரம், பிறகு காலை வெயில் மட்டும் படும் திண்ணை என்று படிப்படியாக மாற்றுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரத்தைக் கோடை தணியும்வரை தவிர்த்துவிடுங்கள்.