காட்டுப்பன்றி, மான் இறைச்சியில் வைரஸ் இருக்கிறதா என்று எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

முக்கியமாகத் தேடப்படுவது, கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஈ வைரஸ். அதைச் சுமக்கும் காட்டுப்பன்றி பார்க்க நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கும். அதனால் வேட்டைக்காரர்களிடம் கல்லீரல் துண்டும் ரத்தமும் வாங்கிச் சோதிக்கிறார்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் (தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருந்தால் எப்போதோ தொற்றியிருக்கிறது என்று அர்த்தம். கல்லீரலில் வைரஸின் ஆர்என்ஏ, அதாவது அதன் மரபணுப் பொருள், இருப்பதாக அதைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை காட்டினால்தான் இறைச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

இறைச்சி வழியாகப் பரவுவதற்கு நேரடிச் சான்று ஜப்பானில் கிடைத்தது, 2003-இல் வெளியானது. மான் இறைச்சியைப் பச்சையாகச் சாப்பிட்ட நான்கு பேருக்கு, ஆறேழு வாரம் கழித்துக் கல்லீரல் அழற்சி வந்தது. நல்லவேளையாக, மிச்ச இறைச்சி ஃப்ரீசரில் இருந்தது. அதிலிருந்த வைரஸின் மரபணு வரிசையும் நோயாளிகளிடம் இருந்ததும் அப்படியே ஒத்துப்போயின. அப்புறம், உறையவைப்பதை நம்பாதீர்கள்; உள்வரை நன்றாக வேகவைப்பதுதான் பாதுகாப்பு, குறிப்பாகக் கல்லீரலை.