ஒழுகுற இடம் வேறு, சொட்டுற இடம் வேறு: பழைய வண்டிக் கேள்வி பதில்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஆயில் ஒழுகல்தான். சிங்காநல்லூர் பக்கம் முப்பது வருசமாக லேத்தும் ஸ்பேனருமாக இருக்கிறவன் நான். என் கையில் பட்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

பல்லடம்: அண்ணா வணக்கமுங்க. என்னுது 1984 மாடல் புல்லட் 350. காலைல எடுக்கப் போனா அடியில ரூபாய்க் காசு அளவுக்கு ஆயில் கிடக்குது. டைமிங் கவர் பேக்கிங் ரெண்டு தடவை மாத்தியாச்சு. மெக்கானிக் "புல்லட்டுன்னா ஒழுகத்தான் செய்யும்"ங்கறார்.

அந்தப் பேச்சை நம்பாதீர்கள். என் வண்டி ராத்திரி முழுக்க டைல்ஸ் மேல் நிற்கிறது, வீட்டுக்காரி இதுவரை சண்டைக்கு வரவில்லை.

டைமிங் கவர் என்பது எஞ்சினின் வலது பக்க மூடி. பேக்கிங் என்பது இரண்டு பாகம் சேரும் இடத்தில் ஆயில் வராமல் வைக்கிற தாள். நீங்கள் சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பேக்கிங் மாற்றியிருக்கிறீர்கள். ஆயில் மேலே எங்கோ கசிந்து, எஞ்சின் ஆறுவதற்காக இருக்கிற ஃபின் தகடுகளின் இடுக்கில் இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியாகக் கீழே இருக்கிற ஏதாவது ஒரு போல்ட் தலையில் வந்து தொங்கும். சொட்டுவது அங்கே, ஒழுகுவது வேறெங்கோ.

ஸ்பேனரைக் கீழே வையுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, பிரஷ் போட்டு, மேலிருந்து கீழே வரை சுத்தமாகத் தேயுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். அப்புறம் முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒரு துணியில் முடிந்து, எஞ்சின் முழுக்கத் தட்டிவிடுங்கள். கோயில் சிலைக்குத் திருநீறு சாத்தின மாதிரி இருக்கும், இருக்கட்டும். அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, டார்ச் அடித்து மேலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளையில் ஈரக் கோடு ஒன்று எறும்பு வரிசை போல இறங்கியிருக்கும். அதன் மேல் நுனி எங்கே தொடங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

காங்கேயத்து வண்டி ஒன்று இப்படித்தான் வந்தது, டைமிங் கவரை மூன்று தடவை கழற்றியிருந்தார்கள். பவுடர் போட்டுப் பார்த்தால் கோடு தொடங்கினது மேலே வால்வை அசைக்கிற ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பாஞ்ஜோ போல்ட்டில் (ஆயில் போக நடுவில் துளை உள்ள போல்ட்). செம்பு வாஷர் இரண்டு மாற்றியதோடு சரியாகிவிட்டது.

இன்னொன்று, புல்லட்டில் எஞ்சின், செயின் கேஸ் (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற செயின் ஓடும் பெட்டி), கியர் பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். ராத்திரி அடியில் ஒரு அட்டையைப் போட்டு, சக்கரம் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். எந்த நிறம், எந்தப் பக்கம் என்று காலையில் அட்டையே சொல்லிவிடும்.

கோபி: அப்பாவோட புல்லட்டுங்க. அவர் போன பிறகு ரெண்டு வருசம் கொட்டகைல நின்னுச்சு. போன வாரம் ஸ்டார்ட் பண்ணினா ஒரே புகை, பின்னாடி இருக்கிற டியூப் வழியா ஆயிலா கொட்டுச்சு. எஞ்சின் இறக்கணும்னு சொல்றாங்க. இறக்கித்தான் ஆகணுமா?

அம்மிணி, இப்போதைக்கு எஞ்சினை இறக்க விடாதீர்கள். இது பெரும்பாலும் நோயே இல்லை.

புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாக இல்லை. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஒரு அறை மாதிரி இருக்கும். வண்டி சும்மா நிற்கும்போது அந்த ஆயில் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஃப்ளைவீல் சுற்றுகிற பக்கம் போய்த் தேங்கிவிடும். இரண்டு வருசம் நின்றால் டேங்கில் இருந்ததெல்லாம் அங்கேதான். கிக் அடித்ததும் ஃப்ளைவீல் அதை வாரி அடிக்கிறது. கொஞ்சம் பிஸ்டன் ரிங் தாண்டி மேலே போய்ப் புகையாகிறது, மிச்சம் எஞ்சின் மூச்சு விடுகிற பிரீதர் டியூப் வழியாக வெளியே வருகிறது. நல்ல எஞ்சினாக இருந்தால் ரிட்டர்ன் பம்ப் சில நிமிசத்தில் எல்லாவற்றையும் டேங்குக்குத் திருப்பிவிடும், புகையும் நின்றுவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. நின்ற வண்டியில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவாகக் காட்டும். ஐயோ என்று ஒரு லிட்டர் ஊற்றினால் அவ்வளவுதான், ஓட ஓட வெளியே கக்கும். நன்றாக இருந்த வண்டியை "ஒழுகுற வண்டி" ஆக்குவதில் இந்த ஒரு லிட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. எப்போதும் பத்து நிமிசம் ஓடவிட்டு, நிறுத்திய கையோடு அளவு பாருங்கள்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது: பழைய ஆயிலை டேங்கிலிருந்தும் கிராங்க் கேஸிலிருந்தும் முழுக்க வடித்துவிடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக வடிக்க வேண்டும், ஒன்றோடு நிறுத்திவிடப் போகிறார்கள். 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, கையால் அழுத்தி மெதுவாகக் கிக்கரைச் சில சுற்று இறக்கிய பிறகு ஸ்டார்ட் செய்யட்டும்.

ஒரே ராத்திரியில் டேங்க் காலியாகிறது என்றால் மட்டும் ஆயில் பம்புக்குள் இருக்கிற டிஸ்க் தேய்ந்திருக்கிறது. மென்மையான வால்வ் பேஸ்ட் வைத்து டிஸ்க்கை அதன் இருக்கையில் தேய்த்து உட்கார வைக்கலாம். அதன் பிறகு ஆயில் துவாரங்களைப் பெட்ரோலில் கழுவி ஊதாமல் மாட்டினால் பேஸ்ட் நேராக பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் அடிப்பக்க பேரிங்) போய்விடும். ஜாக்கிரதை. மூன்று வாரம் நின்றால்தான் இறங்குகிறதா? அப்படியே ஓட்டுங்கள், அப்பா வண்டி நன்றாகத்தான் இருக்கிறது.

திருப்பூர்: ஒரு இடம்னு இல்லீங்க, எல்லா ஜாயின்ட்லயும் வேர்க்குது. பேக்கிங் செட்டே மாத்தலாமா?

முதலில் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள் காற்று அமுங்குகிறது. அது வெளியேற வழி இல்லையென்றால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது. பழைய மாடலில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. கழற்றிக் கழுவி வாயால் ஊதிப் பாருங்கள். ஊதினால் போக வேண்டும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் புதுசு போடுங்கள், விலை பெரிதாக ஒன்றும் இல்லை. டியூப் மடங்கியிருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் குளவிக் கூடு நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதெல்லாம் சரியாக இருந்தும் டியூபில் புகை புஸ் புஸ் என்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அது சிலிண்டரைக் கடைகிற போரிங் வேலை, பேக்கிங் வேலை இல்லை.

ஈரோடு: கேஸ்கெட் பேஸ்ட் நல்லா கெட்டியா போட்டா ஒழுகாதுங்களா? எங்க ஊர்ல பேக்கிங்கே வெக்காம பேஸ்ட் மட்டும் போடுறாங்க.

இட்லிக்குச் சட்னி மாதிரி பேஸ்ட் போட்ட எஞ்சின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அது காய்ந்து நூல் நூலாகப் பிய்ந்து ஆயில் துவாரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டைமிங் கவரில் ஆயில் வழியெல்லாம் ஓடுகிறது, அங்கே இதைச் செய்தால் ஒழுகல் நிற்கும், எஞ்சினும் நிற்கும்.

ஒழுகுவதற்கு முக்கியக் காரணம் கவர் வந்து உட்காரும் முகம் சமமாக இல்லாததுதான். கவரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பியிருப்பார்கள். அந்தத் தழும்பில்தான் ஆயில் வரும். கெட்டியான கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400 நம்பர் எமரி ஷீட்டை விரித்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, கவரை எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள். நாலு சுற்று தேய்த்துத் திருப்பினால் மேடு பளபளக்கும், பள்ளம் கறுப்பாகவே இருக்கும். கறுப்பு மறையும் வரை தேய்த்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

பேக்கிங்கைப் பேக்கிங் பேப்பரிலேயே வெட்டுங்கள். பேப்பரை முகத்தின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தில் தட்டிக்கொண்டே போனால் அதுவே வெட்டுப்படும். நான் முதன்முதலில் வெட்டின பேக்கிங் ஒரு கல்யாணப் பத்திரிகையில். அந்தத் தம்பதி இன்றும் நன்றாக இருக்கிறார்கள், பேக்கிங் மட்டும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பனியன் வேஸ்ட் நம்ம ஊரில் மலிவு என்று முகத்தைத் துடைத்துவிட்டு அப்படியே மூடாதீர்கள். ஒரு இழை மாட்டினாலும் அது திரி மாதிரி ஆயிலை வெளியே இழுக்கும்.

பவானி: டிரெயின் பிளக்ல சொட்டுது. இறுக்க இறுக்க அதிகமாகுது.

இறுக்குவதை நிறுத்துங்கள். அலுமினியத்தில் மரை போனால் ஹெலிகாயில் (மரைக்குள் செருகுகிற கம்பிச் சுருள்) போட வேண்டியிருக்கும். வாஷர் செம்பா? அது ஒரு தடவை நசுங்கினதும் இறுகிவிடும். அடுப்பில் இடுக்கியால் பிடித்து, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெத்தென்று ஆகும். இரும்புக்கு இது நேர்மாறு, செம்புக்கு இப்படித்தான். கறுப்புப் படலத்தைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

பொள்ளாச்சி: புல்லட் இடது பக்கம் செயின் கேஸ் ஒழுகல். நடு நட்டை எவ்வளவு இறுக்கணும்?

அந்த ஒரே நட்டுதான் கவரைப் பிடிக்கிறது, ஆனால் ஆயிலைத் தடுப்பது சுற்றியிருக்கும் ரப்பர். ரப்பர் இறுகியிருந்தால் என்ன முறுக்கியும் பயனில்லை, கவர்தான் வளையும். லெவல் பிளக்குக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் ஒழுகும். ஊற்றாமலே லெவல் ஏறுகிறதா? எஞ்சின் ஆயில் குறைகிறதா? கிராங்கின் இடது பக்க ஆயில் சீல் (சுற்றுகிற தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்) போயிருக்கிறது. புது சீலில் ஸ்ப்ரிங் தெரிகிற பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும், உதட்டில் ஆயில் தடவாமல் மாட்டக் கூடாது.

நாமக்கல்: யெஸ்டி. ரெண்டு சைலன்சர்லயும் வெள்ளைப் புகை. கீழ ஒரு சொட்டு இல்லை, ஆனா கியர் ஆயில் குறையுது.

வெளியே ஒழுகவில்லை, உள்ளே ஒழுகுகிறது. இடது பக்க கிராங்க் சீல் கிழிந்து, எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. புகையில் கருகின வாடை அடிக்குமே, அதுதான். ஐடில் தானாக ஏறி இறங்கினால் வலது பக்கச் சீலும் போய்க் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். யெஸ்டி செய்த மைசூர் ஃபேக்டரி 1996-லேயே மூடிவிட்டதால் பழைய ஸ்டாக் என்று சீல் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள், ரப்பருக்கும் வயசாகும். அளவு எடுத்துப் போய் பேரிங் கடையில் புதுசு வாங்குங்கள்.

கரூர்: ஆர்எக்ஸ் 100, சைலன்சர் ஜாயின்ட்ல கறுப்பா வடியுது.

அது பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டிய 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில், எரியாமல் வருகிறது. வளைவுப் பைப் பேக்கிங் மாற்றிவிட்டு, ஆயில் பம்ப் கேபிள் செட்டிங் பாருங்கள்.

தாராபுரம்: புல்லட் கியர் பாக்ஸ்ல ஆயில் ஊத்தினா கிக்கர் ஷாஃப்ட் வழியா வந்துருது.

அந்தப் பழைய நாலு கியர் பாக்ஸ் மெல்லிய ஆயிலைப் பிடித்து வைக்கிற மாதிரி செய்தது இல்லை. கஞ்சிப் பதத்தில் இருக்கிற கிரீஸ்தான் அதற்குச் சரி. கட்டிக் கிரீஸை அடைத்தால் பல் அதை ஒதுக்கிவிட்டுக் காய்ந்தே ஓடும்.

உடுமலை: அடுத்த வாரம் வால்பாறை போறோமுங்க. லேசாத்தான் ஒழுகுது, போயிட்டு வந்து பாத்துக்கலாமா?

எங்கே ஒழுகுகிறது என்று எழுதவில்லையே தம்பி. ராக்கர் கவரில் வேர்க்கிறது என்றால் அரை லிட்டர் ஆயிலும் ஒரு துணியும் எடுத்துக்கொண்டு போங்கள். கியர் பாக்ஸ் பின்னால், செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பக்கம் என்றால் செயின் அதை வாரிப் பின் டயரில் அடிக்கும். ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. இன்று சாயங்காலம் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, பின் டயரின் ஓரத்தைச் செய்தித்தாளால் துடைத்துப் பாருங்கள். தாளில் எண்ணெய் ஊறினால் பஸ்ஸில் போங்கள்.