கேள்வி நேரம்: டிசம்பர் கோடையில் விளக்குத் திருவிழா

டிசம்பர் கடைசியில் ஆக்லாந்தில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். நியூ பிளிமத் என்ற ஊரில், ஒரு பூங்காவில், இலவச விளக்குத் திருவிழா நடக்கிறதாம், காரில் போகலாம் என்கிறாள். போக ஐந்து மணி நேரம் ஆகுமாம். நம் ஊரில் பார்க்காத சீரியல் விளக்கா?
*(வாசகி, திருச்சி)*

சீரியல் விளக்கு பார்க்க என்றால் ஐந்து மணி நேரம் போகச் சொல்லமாட்டேன். இது வேறு. விழா நடக்கும் புகேகுரா பூங்கா 1876-இல் திறக்கப்பட்டது, கிட்டத்தட்ட 52 ஹெக்டேர். நடுவில் ஏரி, சுற்றிலும் மேடும் பள்ளமுமாக அடர்ந்த மரங்கள். விளக்குகளை இந்தக் காட்டுக்குள்தான் அமைக்கிறார்கள், அதுதான் விஷயம். நியூசிலாந்தில் பெரணி ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகவே வளரும். அதில் ஒரு வகைக்கு இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு. கீழேயிருந்து விளக்கடித்தால் பகலில் கண்ணில் படாத அந்த அடிப்பக்கம்தான் முதலில் தெரியும். இதைக் கடைத்தெரு அலங்காரத்தில் பார்க்க முடியாது. அலங்காரங்களை வருஷத்துக்கு வருஷம் மாற்றுவார்கள், அதனால் போன வருஷத்து வீடியோவைப் பார்த்துவிட்டு அதே பொம்மையைத் தேடாதீர்கள்.

விழா டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி கடைசிவரை போகும். அங்கே அது நல்ல கோடை, பள்ளிகளுக்கும் பெரிய விடுமுறை. அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.

நாங்கள் ஹாமில்டனில் இருக்கிறோம். நான்கு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் எட்டுக்குத் திரும்பிவிடலாமா?
*(வாசகர், நியூசிலாந்து)*

போகலாம், ஆனால் ஒரு விளக்கும் பார்க்காமல் திரும்புவீர்கள். அந்த நாட்களில் சூரியன் மறையவே எட்டே முக்கால், ஒன்பது ஆகிவிடுகிறது. உண்மையான இருட்டு ஒன்பதரைக்கு மேல்தான். எட்டரை வாக்கில் விளக்கைப் போட்டாலும் வானம் வெளுப்பாகவே இருக்கும், பிள்ளைகள் “இவ்வளவுதானா?” என்று கேட்பார்கள், நீங்களும் மனசுக்குள் அதையேதான் கேட்பீர்கள். கோடையில் விளக்குத் திருவிழா வைப்பதில் இருக்கும் ஒரே தொல்லை இதுதான். மதியம் இரண்டு பேரையும் தூங்க வையுங்கள், இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, அப்புறம் ஒன்பது மணிக்கு அறையிலிருந்து பூங்காவுக்குக் கிளம்புங்கள். பத்தரை, பதினொன்று வாக்கில் அணைத்துவிடுவார்கள். அந்த வருஷத்து நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அன்றிரவே ஹாமில்டன் திரும்பும் யோசனை வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் அந்த வளைவுச் சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் அதே பூங்காவை ஒட்டி புரூக்லண்ட்ஸ் உயிரியல் பூங்கா இருக்கிறது, சின்னது, அதற்கும் கட்டணம் இல்லை.

இன்னொன்று, கோடைதானே என்று அரைக்கை சட்டையோடு கிளம்பாதீர்கள். பகலில் 21, 22 டிகிரி இருந்தாலும் இரவில் 14-க்கு இறங்கிவிடும், ஏரிக்கரையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. பக்கத்தில் 2,518 மீட்டர் தரனாகி எரிமலை நிற்கிறது, மழை எப்போது வரும் என்று அதைத்தான் கேட்க வேண்டும். குடையைவிட மழைக்கோட்டு மேல். கூட்டமான பாதையில் குடை அடுத்தவர் கண்ணைக் குத்தும்.

இலவசம் என்றால் நம்பலாமா? உள்ளே போனதும் இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று கறந்துவிடுவார்களே?
*(வாசகர், சேலம்)*

உங்கள் சந்தேகம் நியாயமானது, பொருட்காட்சிக்குப் போய் வந்த யாருக்கும் வரும். ஆனால் இங்கே டிக்கெட்டே கிடையாது. நகர நிர்வாகம் நடத்துகிறது, அந்த வட்டாரத்து வங்கி ஒன்று ஆதரவு தருகிறது. சில இரவுகளில் இசை நிகழ்ச்சி உண்டு, அதுவும் சும்மாதான். தின்பண்டத்துக்கும் படகுக்கும்தான் காசு. ஏரியில் படகு ஓட்டும் ஆசை இருந்தால் பகலிலேயே விசாரித்துவிடுங்கள்.

எண்பது வயது அப்பாவை அழைத்துப்போகலாமா? முழங்கால் வலி உண்டு.
*(வாசகி, வெலிங்டன்)*

தாராளமாக. ஏரியை ஒட்டிய பாதை பெரும்பாலும் சமம்தான், மேட்டுப் பக்கம் போனால்தான் படிகள் வரும். முழுப் பூங்காவையும் சுற்ற வேண்டாம், அப்பாவை ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் பாதி விழாவை அங்கிருந்தே பார்த்துவிடுவார், தண்ணீரில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

அங்கே சிவப்புப் பாலம் ஒன்று இருக்கிறது, ‘கவிஞர் பாலம்’ என்பார்கள், 1884-இல் கட்டியது. கவிஞருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘கவிஞன்’ என்ற பெயரில் ஓடிய பந்தயக் குதிரையால் ஜெயித்த பணத்தை ஒருவர் பாலம் கட்டக் கொடுத்தார், அந்தப் பெயரே நின்றுவிட்டது. சூதாட்டப் பணம் இவ்வளவு உருப்படியாகச் செலவான கதை எனக்கு வேறு தெரியாது.

போனில் எடுத்தால் விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டாக வருகிறதே?
*(வாசகர், கோயம்புத்தூர்)*

முழு இருட்டுக்குக் காத்திராமல் ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள் எடுங்கள், வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும். திரையில் விளக்கின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், முன்னால் நிற்பவர் முதுகுதான் விழும். எடுத்து முடித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடங்கள், பிரகாசமான திரையைப் பார்த்த கண்ணுக்கு இருட்டுப் பாதை தெரியாது.

இலங்கை அணி உலகக் கோப்பையில் ஆடிய புகேகுரா மைதானம் இதே பூங்காதானா?
*(வாசகர், யாழ்ப்பாணம்)*

அதேதான், விளக்குகளுக்குப் பக்கத்திலேயே! 1992 பிப்ரவரி 23. ஜிம்பாப்வே 312 அடித்தது, ஆண்டி ஃபிளவருக்கு அதுதான் முதல் ஒருநாள் போட்டி, 115 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். இலங்கை மூன்று விக்கெட் மிச்சம் வைத்துத் துரத்திப் பிடித்தது. உலகக் கோப்பையில் முந்நூறுக்கு மேல் துரத்தி ஜெயித்தது அதுவே முதல்முறை. மூன்று பக்கமும் குன்றைப் படிபடியாக வெட்டிப் புல் வளர்த்திருப்பார்கள், உட்கார்ந்து பார்க்க அதுவே காலரி. விளக்குக்குப் போகும் அன்றே ஏழு மணிக்குப் போய்விடுங்கள், வெளிச்சத்திலேயே மைதானத்தைப் பார்த்துவிடலாம், இருட்ட எப்படியும் இரண்டரை மணி நேரம் ஆகும்.