வெள்ளிக்கிழமை வகுப்பு மையமாகும்போது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஆறு கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, பங்குக் கோயிலின் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பு நடத்துகிறோம். பதினான்கு பிள்ளைகள். அம்மாக்களே பாடம் எடுக்கிறோம். இப்போது இன்னும் பதினைந்து குடும்பங்கள் கேட்கின்றன. லத்தீன், தர்க்கம் என்று கிளாசிக்கல் முறையில், வாரம் இரண்டு நாள் மையமாகவே ஆக்கிவிடலாமா என்று யோசனை. ஒரேயடியாகப் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பன்னிரண்டு வரை திறக்காதீர்கள். முதல் ஆண்டு இரண்டே வகுப்பு போதும். 3, 4 சேர்ந்து ஒன்று. 5, 6 சேர்ந்து ஒன்று. ஒன்றில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் காத்திருக்கட்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலே கட்டுங்கள். லத்தீனே தொடாத பிள்ளைகளை வைத்து ஒன்பதாம் வகுப்பைத் திறந்தால், ஆசிரியர் அந்த ஆண்டு முழுக்க ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்துவார். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற பழைய மூன்று கலைகளையும் பிள்ளைகளின் வயதுப் பருவங்களோடு பொருத்தி ஆங்கில எழுத்தாளர் டொரத்தி சேயர்ஸ் 1947ல் ஆக்ஸ்போர்டில் பேசினார். இன்றைய கிளாசிக்கல் மையங்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நடக்கின்றன. வரிசையில் கீழ்ப்படி இல்லாமல் மேல்படி நிற்காது.

அடுத்தது, உங்கள் மையம் பள்ளி அல்ல என்பதை எழுத்தில் போடுங்கள். டெக்சாஸில் வீட்டுக்கல்வியும் ஒரு தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் 1994ல் உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் எழுத்து வடிவப் பாடத்திட்டத்தோடு மெய்யாகவே கற்பித்தால் போதும். அந்தப் பொறுப்பு பெற்றோருடையது. ஆகவே மதிப்பெண் சான்றிதழை வீடுதான் வழங்க வேண்டும். மையம் பாட அறிக்கை மட்டும் கொடுக்கலாம். இதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே வைக்காவிட்டால், மூன்றாம் ஆண்டில் ஒரு பெற்றோர் கல்லூரிக்குச் சான்றிதழ் கேட்டு உங்கள் முன்னால் நிற்பார்.

இந்த முறை உடைவது பெரும்பாலும் வீட்டு நாட்களில்தான். ஐந்து ஆசிரியர்கள், ஆளுக்கு நாற்பது நிமிட வீட்டுப்பாடம். ஒவ்வொருவருக்கும் அது கொஞ்சமாகத்தான் தெரியும். கூட்டினால் மூன்று மணி இருபது நிமிடம், அதற்கு மேல் கணக்கு வேறு. அம்மா அழுவாள், பிள்ளை லத்தீனை வெறுக்கும். எனவே வாரத்தாள் ஒன்று போடுங்கள்: எந்தப் பாடம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், திருத்துவது யார். நிமிடங்களைக் கூட்டிப் பார்த்து வெட்டும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். தாள் முந்தைய வியாழக்கிழமையே வீட்டுக்குப் போய்விட வேண்டும். கணக்கை மையத்துக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஒரே வயதில் மூன்று நிலையில் பிள்ளைகள் இருப்பார்கள்.

லத்தீனில் முதல் நாளே உச்சரிப்பை முடிவு செய்யுங்கள். ‘விண்ணக அரசி’ என்பது திருச்சபை உச்சரிப்பில் ‘ரெஜினா ச்சேலி’. செவ்வியல் உச்சரிப்பில் அதுவே ‘ரேகீனா கைலி’. தமிழ்ப் பிள்ளைகள் சிரித்துவிடும். திருப்பலியில் பாடப்போகிறவர்களுக்கு முன்னதுதான் சரி. இரண்டும் கலந்தால் எழுத்துக்கூட்டலும் குழம்பும். முதல் பத்து நிமிடம் எல்லாரும் எழுந்து நின்று வேற்றுமை வரிசையைச் சத்தமாகச் சொல்லட்டும்: தெர்ரா (நிலம்), தெர்ரே, தெர்ரே, தெர்ராம், தெர்ரா. இங்கே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. நிலம், நிலத்தின், நிலத்துக்கு, நிலத்தை என்று விகுதி மாறினால் பொருள் மாறும் என்பது தமிழ் பேசும் பிள்ளைக்குப் புதிதல்ல. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை அந்த இடத்தில் வாரக்கணக்காக முட்டிக்கொள்ளும். ஒப்பிக்கத் தெரிந்தும் ஒரு வாக்கியத்தைப் பிரிக்கத் தெரியாத பிள்ளைகளும் வருவார்கள். அதற்காகத் தினமும் இரண்டு வாக்கியம் வீட்டில் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து வேண்டாம்.

பணம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி, முப்பது வாரம் என்றால் ஒரு வகுப்புக்கு 300 மணி நேரம். தயாரிப்புக்குப் பாதி சேர்த்தால் 450. மணிக்கு 25 டாலர் என்று வைத்தாலும் 11,250 டாலர். பன்னிரண்டு பேர் பகிர்ந்தால் தலைக்கு 937.50. ஜனவரியில் மொத்தம் நான்கு பிள்ளைகள் உள்ள இரு குடும்பங்கள் விலகினால்? ஆண்டுக்கணக்கில் எட்டுப் பேருக்குத் தலைக்கு 1,406. அந்த வித்தியாசத்தை யார் தருவார் என்ற சண்டையில்தான் இப்படிப்பட்ட குழுக்கள் பிரியும். மே மாதத்துக்குள் திரும்பித் தராத முன்பணம் வாங்குங்கள். முழு ஆண்டுக்கும் கையெழுத்து வாங்குங்கள். எந்த அம்மாவின் சொந்தக் கணக்கிலும் கட்டணம் விழக்கூடாது. மாநிலத்தில் லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு, வரி எண், வங்கிக் கணக்கு, பிறகு 501(சி)(3) எனும் மத்திய வரிவிலக்குக்கான விண்ணப்பம் என்பது வரிசை. அது கிடைத்தாலும் கட்டணம் நன்கொடையாகாது; பெற்றோருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

கூடத்தைப் பற்றி. பங்குத்தந்தை சரி என்றார் என்பது போதாது. பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான படிப்புக்காக ஆறு பேர் கூடினாலே கட்டட விதிகளில் அது கல்விப் பயன்பாடு என்று வகைப்படலாம். கோயிலோடு சேர்ந்த அறைகளுக்கு விலக்கும் உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீயணைப்புத் துறை அதிகாரியிடம் நேரில் கேளுங்கள். மறைமாவட்டத்தையும் பங்கையும் கூடுதலாகக் காப்பீடு பெறுவோராகச் சேர்த்த காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அமெரிக்க ஆயர்கள் ஏற்ற 2002 டாலஸ் சாசனத்துக்குப் பிறகு, பிள்ளைகளோடு பழகும் பெரியவர்கள் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் முடித்திருக்க வேண்டும். நேரம் பிடிக்கும், கோடையிலேயே தொடங்குங்கள். எந்த அறையிலும் ஒரு பெரியவர் மட்டும் பிள்ளைகளோடு தனியே இருக்க வேண்டாம்.

பெயரில் ‘கத்தோலிக்க’ என்ற சொல்லை நீங்களாகச் சேர்க்காதீர்கள். திருச்சபைச் சட்டம் 216, 803 இரண்டும் அதற்கு உரிய அதிகாரியின் சம்மதம் கேட்கின்றன. ஒரு புனிதர் பெயரும் ‘கற்றல் மையம்’ என்பதும் போதும். புதுநன்மை, உறுதிபூசுதல் தயாரிப்பையும் மையத்தில் எடுத்துக்கொள்ளாமல் பங்கிடமே விடுங்கள். புதன் மாலை அங்கே மறைக்கல்வி நடந்தால், அதற்கு முந்தைய உங்கள் வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளைப் பழைய வரிசையில் போட்டுவிட்டு, உங்கள் லத்தீன் அட்டைகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும்.