ஒன்பதாம் நாள் பூ

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. சென்ற மாதம் ஒரு காலையில் அதன் கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ. முந்தின நாள் அங்கே ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் துவண்டு தொங்கின. ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "இது புல்லுருவி, மரத்தைக் குடிச்சிடும், ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லு" என்கிறார். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், இது புறா ஆர்க்கிட் என்று கண்டுபிடித்து, பள்ளி ஒப்படைப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டான். ஆனால் ஓரிடத்தில் டென்ட்ரோபியம் என்றும் இன்னோரிடத்தில் செராயா என்றும் பெயர் இருக்கிறதாம். நான் தஞ்சாவூர்ப் பக்கம் தாவரவியல் படித்தவள். பெந்தம், ஹூக்கர் வகைப்பாட்டில் ஆர்க்கிட் என்றால் மைக்ரோஸ்பெர்மே என்று எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம். அவன் அஸ்பராகேல்ஸ் என்கிறான். எது சரி? இந்தச் செடியை முறையாக விவரித்து எழுத அவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

அன்புடன்,
ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் மாமியாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு ஒன்றும் ஆகாது, யாரையும் கூப்பிட வேண்டாம். ஆனால் அவர் பயம் வெறும் பயமில்லை. ஊரில் மாமரத்துக் கிளையில் புல்லுருவி ஏறி, அந்தக் கிளையே காய்ந்துபோனதைப் பார்த்தவர்களுக்கு, மரத்தின் மேல் இன்னொரு செடி என்றாலே மனசு பதறும். சிங்கப்பூரின் சாலையோர மரங்களிலும் நிஜமான புல்லுருவி உண்டு. அதன் வேர் பட்டையைத் துளைத்து மரத்துக்குள்ளேயே போய்விடும். இரண்டும் சேரும் இடத்தில் கிளை முண்டு முண்டாக வீங்கியிருக்கும்.

புறா ஆர்க்கிட் அப்படிச் செய்வதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு புயல்காற்றுக்குப் பிறகு, எங்கள் வட்டாரத்து நடைபாதையில் ஒரு கிளை முறிந்து கிடந்தது. அதன்மேல் இந்தச் செடி கொத்தாக ஒட்டியிருந்தது. குனிந்து ஒரு வேரை நகத்தால் மெல்ல நெம்பினேன். பட்டையோடு பட்டையாக இறுகப் பிடித்திருந்தது, ஆனால் உரிந்து வந்துவிட்டது. அடியில் இருந்த பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. வேரின் வெளிப்பக்கம் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன், கண்ணெதிரே பச்சையாக மாறியது. கல்லூரியில் வெலாமன் திசு என்று நீங்கள் படம் வரைந்திருப்பீர்கள், அதுதான் இது. மழைநீரையும் பட்டையில் வழிந்து வரும் தூசியையும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மரத்தின் சாற்றில் அதற்குப் பங்கில்லை. நிற்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். இது தொற்றுத்தாவரம். ஒட்டுண்ணி என்று உங்கள் மகன் தவறிக்கூட எழுதிவிடக் கூடாது.

அடுத்து, விவரித்து எழுதுவது. நீங்கள் படித்த வரிசை இன்றைக்கும் பொருந்தும்: வளரியல்பு, வேர், தண்டு, இலை, மஞ்சரி (பூங்கொத்து), மலர், கனி. அவன் பூவிலிருந்து ஆரம்பிக்க ஆசைப்படுவான், விடாதீர்கள். இந்தச் செடி பூத்திருப்பது வருடத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் பூவில்லாமல்தான் அந்தக் கிளையில் இருக்கிறது. அப்போதும் அதை அடையாளம் தெரிய வேண்டும். அடியிலிருந்து ஆரம்பித்தால்தான் அது கைவரும்.

தண்டைப் பாருங்கள். ஒரே தண்டு மூன்று விதமாக இருக்கும். அடிப்பகுதி பருத்து, நெசவுக் கதிர் மாதிரி இரு முனையும் ஒடுங்கி, நீளவாக்கில் வரிப்பள்ளங்களோடு மஞ்சள் பாய்ந்திருக்கும். மழையில்லாத நாளுக்குத் தண்ணீர் சேர்த்துவைக்கும் இடம் அது. அதற்கு மேலே தண்டு சட்டென்று மெலிந்து, இரண்டு பக்கமும் மாறி மாறி இலை விடும். இலை தோல் மாதிரித் தடிப்பானது, விரல் நீளம், ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம், நுனியில் சின்னப் பிளவு. அதற்கும் மேலே ஓர் இலைகூட இல்லாமல், கம்பி மாதிரி ஒரு நுனி நீண்டு வளைந்து தொங்கும். தெரியாதவர்கள் அதைக் காய்ந்த குச்சி என்று நினைப்பார்கள். பூ வருவது அந்தக் குச்சியிலிருந்துதான். அதன் கணுக்களில் உமி மாதிரிச் சருகுச் செதில்கள் இருக்கும், மொட்டு அதற்குள்ளே ஒளிந்திருக்கும். இந்த மூன்றடுக்குத் தண்டை ஒருமுறை மனதில் வாங்கிவிட்டால் போதும், பேருந்தில் மேல்தளத்தில் உட்கார்ந்து போகும்போதே கிளைக்குக் கிளை கண்டுபிடித்துவிடலாம்.

இனி பூ. மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம், தூய வெள்ளை. புல்லி இதழ் மூன்று, அல்லி இதழ் மூன்று, அந்த அல்லியில் ஒன்று மட்டும் உருமாறி உதடாகியிருக்கிறது. உதட்டுக்கு மூன்று மடல்கள், நடுவில் மஞ்சள் தீற்றல். பூவைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கப் புல்லி இதழ்கள் இரண்டும் பின்னால் சேர்ந்து ஒரு சின்னப் பை மாதிரித் தொங்கும். தாவரவியலில் அதற்கு மென்டம் என்று பெயர், லத்தீனில் மோவாய் என்று பொருள். இந்தச் செடியின் தாவரவியல் பெயரில் இரண்டாவதாக வரும் க்ருமெனாட்டம் என்பதற்கும் அந்தப் பைதான் காரணம். க்ருமேனா என்றால் பணம் வைக்கும் சிறு பை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையேதான். பறக்கும் புறா என்று மற்றவர்களுக்குத் தெரிந்ததும் இந்தப் பக்கவாட்டுத் தோற்றம்தான். மலாய்க்காரர்கள் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள், மெர்பாத்தி என்றால் புறா.

கைலென்ஸ் இருந்தால், உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து நடுவில் நிற்கும் தூணைப் பாருங்கள். மகரந்தத்தாளும் சூல்தண்டும் ஒன்றாகிப்போன தூண் அது. நுனியில் ஒரு சின்னத் தொப்பி. ஊசியால் அதைத் தூக்கினால் மஞ்சள் மகரந்தத் திரள்கள் நான்கு, இரண்டு இரண்டாக ஒட்டியிருக்கும். நான்கையும் எண்ணியபிறகு டென்ட்ரோபியம் என்று எழுதினால், அது அவன் தானே கண்டறிந்து எழுதியதாக இருக்கும்.

ஒரே நாளில் பூத்து ஒரே நாளில் வாடியது ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. செதிலுக்குள் மொட்டு ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும். வாரக்கணக்கில்கூடக் காத்திருக்கும். பிறகு ஒருநாள் பெருமழை கொட்டி, வெப்பநிலை சட்டென்று ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கும். நம் ஊரில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வருமே புயல்காற்று, அந்த மாதிரி. அந்தக் குளிர்ச்சி பட்டதும் மொட்டுகள் எல்லாம் மறுபடி வளரத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்பதாம் நாள் விரியும். ஒரே மழையில் நனைந்த வட்டாரத்தில் எல்லா மரத்திலும் ஒரே காலையில் பூ. ஆளுக்கொரு நாள் பூத்தால், ஒரு நாளே வாழும் பூவுக்கு வேறொரு செடியின் மகரந்தம் எப்படி வந்து சேரும்? பொந்தில் கூடு கட்டும் நம் ஆசியத் தேனீ அன்று காலையில் மரம் மரமாகப் போய்வருவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். பூ பூத்த நாளிலிருந்து பின்னால் எண்ணிப் பாருங்கள், ஒன்பது நாளுக்கு முன் ஒரு நல்ல மழை உங்கள் நினைவுக்கு வரும்.

சரி, பெயர்ச் சண்டைக்கு வருவோம். டென்ட்ரோபியம் க்ருமெனாட்டம் என்று 1799இல் பெயர் வைத்தவர் ஸ்வீடன் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ். டென்ட்ரோபியம் என்றால் மரத்தில் வாழ்வது. அந்தப் பேரினத்தில் இன்று 1500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய பேரினத்தைப் பிரித்துவிடலாம் என்று சில ஆய்வாளர்கள் முயன்றார்கள். இந்தச் செடிக்குச் செராயா என்ற பெயர் வந்தது அப்படித்தான். அப்போரம் என்றும் ஒரு பெயர் கண்ணில் படலாம். பெரும்பாலான தாவரவியலாளர்கள் இன்றும் டென்ட்ரோபியம் என்றே வைத்திருக்கிறார்கள். மகன் அதை எழுதிவிட்டு, மற்ற இரண்டையும் இணைப்பெயர்கள் என்று குறித்தால் போதும். இதில் அவன் குழம்ப வேண்டியதில்லை. நம் தேசிய மலரையே பாருங்கள், வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற பெயரில்தான் எல்லாருக்கும் தெரியும், தாவரவியலில் இப்போது பேரினம் பாப்பிலியோனாந்தி. பேரினப் பெயர் மாறியதால் பூவில் ஓர் இதழும் மாறவில்லை.

மைக்ரோஸ்பெர்மேயா, அஸ்பராகேல்ஸா? இன்றைய விடை அஸ்பராகேல்ஸ்தான், மகன் சொல்வது சரி. ஆனால் நீங்கள் படித்ததை வீண் என்று தள்ளிவிடாதீர்கள். பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை உழைத்து, கண்ணால் காணும் ஒற்றுமைகளை வைத்து அடுக்கினார்கள். மைக்ரோஸ்பெர்மே என்றால் நுண்விதை உடையவை. புறா ஆர்க்கிட்டின் முற்றிய காய் வெடித்தால் வெளியே வருவது விதையா தூசியா என்று தெரியாது. ஊதினால் பறந்துவிடும். முளைக்கும் கன்றுக்கென்று விதைக்குள் சேமித்த உணவு கிடையாது, பட்டையில் இருக்கும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்த இருவரும் பார்த்து எழுதியது உண்மை. 1998இல் வந்த ஏபிஜி முறை, அதாவது பூக்கும் தாவரங்களுக்கான புதிய வகைப்பாடு, வேறொரு கேள்வி கேட்டது: யார் யாருக்கு உறவு? மரபணுவை ஒப்பிட்டபோது ஆர்க்கிட் குடும்பம் போய்ச் சேர்ந்த அஸ்பராகேல்ஸ் துறையில் (துறை என்றால் பல குடும்பங்கள் சேர்ந்த தொகுதி) யார் இருக்கிறார்கள் தெரியுமா? வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு. அந்தத் துறையில் முதலில் கிளை பிரிந்து போனது ஆர்க்கிட். ஒப்படைப்பில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அம்மா படித்தது ஒன்று, தான் படிப்பது ஒன்று என்று தலைப்பே வைக்கலாம்.

இன்னொன்றும் அவன் எழுத வேண்டும். தூங்குமூஞ்சி மரம் இந்த மண்ணைச் சேர்ந்ததில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. அதன்மேல் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்தான் இந்தத் தீவின் பூர்வீகக் குடி. இங்கே பதிவான சொந்த ஆர்க்கிட் இனங்கள் 200க்கும் மேல். காடு போனதோடு அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்த ஒன்று, வந்தேறி மரத்தின் அகலக் கிளையில் இடம் பிடித்து, பேருந்து நிறுத்தங்களுக்கு மேலேயே பல்லாண்டுச் செடியாகத் தழைத்துவிட்டது. ஒப்படைப்புக்காக அதைக் கிளையிலிருந்து பிடுங்க வேண்டாம். படம் எடுத்தால் போதும். கீழே விழுந்த பூ வேண்டியமட்டும் கிடைக்கும்.

அடுத்த பெருமழை பெய்ததும் காலண்டரில் தேதியைக் குறியுங்கள். எட்டாம் நாள் மாலை குச்சி நுனியில் வெள்ளை மொட்டு புடைத்திருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மறுநாள் காலை ஏழு மணிக்கு, சாலையைக் கடக்கும் மேம்பாலம் எதிலிருந்து கிளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதோ, அங்கே போய் நில்லுங்கள். மாமியாரையும் கூட்டிப்போங்கள். இந்தப் பூவின் மணம் கீழே நிற்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, கிளை உயரத்தில் நன்றாக வீசும். அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.